மூன்று படங்களில் உங்கள் விதவை

பக்கத்து வீட்டில் நுளம்பு கடிக்கிறதென்று தேங்காய்ப் பொச்சுமட்டை புகைக்கிறார்கள். வேப்பிலையும் போட்டிருக்கிறார்கள் போல. புகை வேலியைத் தாண்டி என் குசினி யன்னலுக்குள் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதில் இருமல் வரும். எனக்கோ தொண்டை அலறுவதற்கு ஆயத்தமாகிறது. கையில் இருந்த சுளகை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடித்த பேய்ப்படங்களில் அந்தப் புகை வந்தால் அதற்குப் பின்னால் பேயாய் நீங்கள் வர வேண்டும். அதுதான் ஒழுங்கு.

வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் நின்றேன். அதற்குள் உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு மேசையில் வந்திருந்து இதை எழுதுகிறேன். உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் செத்தவீட்டில் நான் அழுதேனே, அது நடிப்பா, உண்மையா? உங்கள் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து அப்படி அழுவதற்கு நான் உங்களுக்கு யார்? செத்துப்போன மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நீங்கள் எத்தனையோ தரம் செத்து எழும்பின ஆள். உங்களிடம் கேட்காமல் நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

எல்லாம் ஒரு கரப்பொத்தான் பூச்சியால் வந்தது. துறைமுகக் கந்தோரில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அது மெசினுக்குள் இருந்து பாய்ந்தது. நான் போட்ட சத்தத்தில் வெளி விறாந்தையில் சாமான் எடுக்கக் காத்திருந்த சைக்கிள் கடை முதலாளி உள்ளே ஓடிவந்தார். அவர் அப்போது படம் எடுக்கிற பித்தில் இருந்தார். பேய்ப்படம் என்றால் பட்டுச்சேலை வேண்டாம், மாளிகை வேண்டாம், சுவர் வெடித்திருந்தாலும் நல்லது என்று கண்டுபிடித்திருந்தார். என் சத்தத்துக்குத்தான் என்னைச் சேர்த்தார். முகத்தைப் பிறகுதான் பார்த்தார். என் அம்மாவைச் சம்மதிக்க வைக்க அன்புவழிபுரத்துக்கே வந்து, உங்கட மகள் ஆடுறதுமில்லை, பாடுறதுமில்லை, பயப்படுறது மட்டும்தான் என்று சத்தியம் பண்ணினார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற புரட்டஸ்தாந்துக் குடும்பம் எங்களுடையது. பயப்படுவதில் பாவம் இல்லை என்று அம்மா யோசித்திருக்க வேண்டும்.

உங்களை முதலில் கண்டதும் நான் பயப்படவில்லை, ஏமாந்துபோனேன். கப்பல் திருத்துகிற டொக்யார்டில் பெயின்ற் அடிக்கிறவர், மேடை நாடகத்தில் ராசா வேசம் கட்டினவர் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவரோ நெட்டையாய், கன்னம் இரண்டும் உள்ளே விழுந்து, அரிசிமாப் பூசின முகத்தோடு ஒரு கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் இரத்தத்துக்காகப் பனங்கட்டிப் பாகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது இரத்தமாகத்தான் தெரியும் என்று முதலாளி சொன்னார். ஆனால் எறும்புக்கு அந்த விசயம் தெரியாது. அன்று நீங்கள் பிணமாகக் கிடந்தபோது எறும்புகள் உங்கள் கழுத்தில் வரிசையாக ஏறின. நீங்கள் அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காகச் செத்துக் கிடப்பானா என்று நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் கத்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "நான் பேயில்லை. நீங்கள் கத்தினாத்தான் நான் பேய். நீங்கள் கத்தாட்டி நான் பவுடர் பூசின மனுசன், அவ்வளவுதான்." நான் அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் கத்தாமல் விட்டதில்லை.

எங்கள் பேய்கள் எல்லாம் நடுமத்தியானத்தில்தான் உலாவின. இரவில் எடுக்க விளக்குக்கும் மின்சாரத்துக்கும் வழியில்லை. கொழும்பில் இருந்து கமராவோடு வந்த சிங்களவர் கமராக் கண்ணாடியில் ஏதோ ஒன்றைப் பூட்டுவார். பகல் இரவாகிவிடும் என்பார். ஆகவே கடற்கரையில் உச்சி வெயில் எறிக்க, வலை காயப்போடுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் கையில் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் தடவித் தடவி நடப்பேன். ஒருமுறை சீனன்குடாப் பக்கம் விமானம் ஒன்று இறங்கியது. நீங்கள் பேய் என்பதை மறந்து, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டீர்கள். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை. படத்தில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. பேய் வானத்தைப் பார்த்துக் கடவுளிடம் முறையிடுகிறது என்று பார்த்தவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

நான் உங்களை முதலில் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் முதலாளி அதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். படத்தில் புருசன், வெளியில் அண்ணை என்றால் பாவம் பிடிக்கும், படமும் உருப்படாது, அந்த முறை சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்றார். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு சொல்லும் இல்லை. பின்னால் வந்து இருமுவேன், அல்லது "இஞ்ச பாருங்கோ" என்பேன். நீங்கள் திரும்பிவிடுவீர்கள்.

முதற்படத்தில் உங்களைக் கொன்று கிடத்தியிருக்கிறார்கள், நான் விழுந்து அழ வேண்டும். செத்தவீட்டுக் காட்சிக்கு ஒருவரும் வீடு தரவில்லை. பேய் வந்து போகலாம், ஆனால் பிணம் கிடத்த விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் வெறுங்காணி ஒன்றில் கிடுகுப் பந்தல் போட்டோம். ஒத்திகையில் நான் அழுததைப் பார்த்துப் பறை அடிக்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் செத்தால் கீர்த்தனை பாடுவோம். அழுகை வந்தால் மடித்த லேஞ்சியை முகத்தில் பொத்தி அதற்குள் அழுவோம். எனக்குத் தெரிந்த அழுகை அதுதான். பஸ்ஸை விட்டிட்டு நிக்கிற பிள்ளை அழுகிற மாதிரிக் கிடக்கு என்று முதலாளி சொன்னார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

நீங்கள்தான் என்னைப் பாலையூற்றுக்கு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். உங்கள் மனைவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். இவவுக்கு ஒப்பாரி சொல்லிக் குடு என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள். கடையில் சீனி வாங்கி வா என்பது போலச் சொன்னீர்கள். அவர் துருவலையை விட்டு எழும்பி உங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்குள்ளே ஏலாது, விளக்கு வைக்கிற வீடு என்றார். என்னை வேலிக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய் எதிரே இருத்தினார். என் கைகளை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இவரை நினைச்சு ஒரு சொல்லும் சொல்லமாட்டன்," என்றார். "என்ர ஐயா செத்த நேரம் அழுதது ஞாபகம் கிடக்கு. அதைச் சொல்லித்தாறன். புருசனுக்கு மாத்திறது உங்கட வேலை."

அவர் தொடங்கியதும் நான் பயந்துவிட்டேன். நான் பயப்படுவதையே தொழிலாகச் செய்கிறவள், ஆனால் அது வேறு பயம். நாலு வீட்டுப் பெண்கள் அவிழ்ந்த தலையோடு ஆர் செத்தது, ஆர் செத்தது என்று ஓடிவந்தார்கள். படத்துக்கு என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதும், விசரி, குங்குமப் பொட்டோட இருந்து ஒப்பாரி வைக்கிறாளே என்று ஏசிக்கொண்டு போனார்கள். நீங்கள் வேலிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நீங்கள் சிரிக்கப் பகிடி ஒன்றும் விடவில்லை.

அதன் பிறகு அந்த ஒப்பாரியைப் புருசனுக்கு மாற்ற நான் பட்ட பாடு. எனக்குப் புருசன் இல்லை. தகப்பனுக்குச் சொன்னதில் இருந்து ஒவ்வொன்றாய் மாற்றினேன். கந்தோரில் கடிதம் தட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். படுத்த பாயின் சூடு ஆறமுன்னம் போயிட்டியளே, வாசலில கழட்டின செருப்பு வழி பார்த்துக் கிடக்குதே என்றெல்லாம் சேர்த்தேன். இல்லாத ஒரு வீட்டில் இல்லாத ஒரு மனிதனை இருத்தி, அவன் செருப்பை வாசலில் வைத்து, பிறகு அவனைச் சாகடித்து அழுதேன். அந்த மனிதன் நெட்டையாய் இருந்தான் என்பதை நான் கவனித்தேனா? கவனித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

காட்சி ஒரே தரத்தில் முடிந்தது. ஒரு சொல்லும் விளங்காத கமராக்காரர் கண் கலங்கி நிறுத்த மறந்துவிட, வீணாய் ஓடிய பிலிமுக்காக முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நீங்கள் ஒரு கண்ணைத் திறந்து, "போதும், நான் இருக்கிறன்" என்று மெல்லச் சொன்னீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

படம் ஊரில் ஓடியதும் குழப்பம் எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் வந்தது. மீன்சந்தையில் பெண்கள் என்னைக் கண்டு பாவப்பட்டு, மெலிஞ்சு போனீங்கள் பிள்ளை என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போடுவார்கள். மூன்று கடை தள்ளி நீங்கள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பீர்கள். உங்களைக் கண்டு ஒரு குழந்தை அலறினால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். எனக்குப் பேசி வந்த சம்பந்தம் இரண்டு அதோடு நின்றது. வெள்ளைச் சீலை உடுத்துத் திரையில நிண்ட பிள்ளையை ஆர் கேட்கப் போயினம் என்று அம்மா அழுதார், லேஞ்சிக்குள்தான். நான் கவலைப்பட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் இரண்டாவது படத்துக்கு வெள்ளைச் சேலை வெளுக்கப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. ஒரு படத்திலாவது கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். முதலாளியிடம் ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். உங்கட கன்னத்துக்கு உயிர் பொருந்தாது என்பார். கன்னத்தில் சதை வைத்துவிட்டால் உள்ள வேசமும் போய்விடும் என்று வீட்டில் அக்கா போடும் இரண்டாம் கரண்டிச் சோற்றைத் தட்டில் கை வைத்து மறிப்பீர்கள். அவர் என்னிடம் முறையிடுவார். சாகிறதுக்குப் பட்டினி கிடக்கிற மனுசனை எங்கயாவது கண்டிருக்கிறியளோ என்பார். நான் யார் பக்கம் கதைப்பது என்று தெரியாமல் அவருக்கும் தலையாட்டி உங்களுக்கும் தலையாட்டினேன்.

மூன்றாவது படத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து உங்களுக்கு அழைப்பு வந்தது. பெரிய கொம்பனி, நல்ல வேசம் என்றார்கள். புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு ரயிலேறினீர்கள். திரும்பி வந்ததும் நான் டொக்யார்ட் வாசலில் நின்று என்ன வேசம் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில வெள்ளைத் துணியால மூடின பிணம்" என்றீர்கள். "முகம் தெரியாது. என்ர கால் நீளமெண்டு எடுத்தவையள்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று நினைக்கிறேன். அதன் பிறகு நீங்கள் படக் கதை கதைப்பதைக் குறைத்துவிட்டீர்கள்.

நீங்கள் போன அன்று பியோன் வந்து என் மேசையடியில் நின்று, உங்களுக்கு வேலைத்தலத்தில் நெஞ்சு நோ வந்ததையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமுன் முடிந்துவிட்டதையும் சொன்னார். நான் தட்டச்சில் இருந்து கையை எடுக்காமல், எந்தப் படத்துக்கு என்று கேட்டேன். எப்ப எடுக்கினம், முதலாளி எனக்குச் சொல்லேல்லையே என்று மேலும் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. விளங்கியது என்று சொல்கிறேன். முழுதாய் விளங்கியதா என்று தெரியாது.

பாலையூற்று வீட்டு வாசலில் பறை அடித்தது. அடித்தவர்கள் எங்கள் படத்தில் அடித்த அதே ஆட்கள். என்னைக் கண்டதும் அவர்கள் வழக்கம்போல் வழி விட்டார்கள். உள்ளே பெண்கள் உங்களைச் சுற்றி இருந்தார்கள். படத்தில அவரின்ர மனுசி என்று ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. சகோதரிகள் அண்ணை என்று அழுதார்கள், மச்சாள்மார் மச்சான் என்று அழுதார்கள், பெறாமக்கள் சித்தப்பா என்று அழுதார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருந்தது, அந்த முறையைச் சொல்லி ஒவ்வொருவரும் உள்ளே போனார்கள். நான் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையோடு நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுதான் யோசித்தேன்.

உங்கள் மனைவி தலைமாட்டில் இருந்தார். அழவில்லை. அழு பிள்ளை, அழாட்டி நெஞ்சு அடைச்சிடும் என்று கிழவிகள் அவரை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைக் கண்டார். கையைக் காட்டிக் கூப்பிட்டார். சுற்றி இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏச்சு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஏசினாலும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு போய் முன்னால் இருந்தேன்.

அவர் என் கைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"புருசனுக்கு அழுகிற சொல் நான் ஒருநாளும் வாயில எடுக்கேல்ல," என்றார். "எடுத்தா நடந்திடும் எண்டு பயம். அது உங்களிட்டத்தான் கிடக்கு. சொல்லுங்கோ, நான் பின்னால சொல்லுறன்."

நான் சொன்னேன். படத்தில் சொன்னதைத்தான் சொன்னேன். பாயின் சூட்டைச் சொன்னேன், அவர் சொன்னார். வாசல் செருப்பைச் சொன்னேன், சொல்லும்போது உங்கள் செருப்பு உண்மையிலேயே வாசலில் கிடப்பது ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், அந்த இடத்தில்தான் அவருக்குக் குரல் உடைந்தது. அதன் பிறகு வீடே அழுதது. நான் வரி எடுத்துக் கொடுக்கிறேன், உங்கள் மனைவி அதை வாங்கி உங்களுக்குச் சொல்கிறார். இதில் யார் அழுகிறது, யார் நடிக்கிறது? போதும் என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

குனிந்தபோது உங்கள் கால் தெரிந்தது. பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலைப் பற்றி ஒன்று எனக்கு மட்டும் தெரியும். பேய்க்குச் செருப்பு இல்லை என்று முதலாளி உங்களை உச்சி வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நிறுத்திவைத்திருந்த ஒருநாள், உங்கள் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. கமராவில் பிலிம் மாற்றுகிற நேரம் நான் என் சேலைத் தலைப்பைக் கடலில் நனைத்து வந்து மணலில் விரித்தேன். நீங்கள் அதன் மேல் ஏறி நின்றீர்கள். தலைப்பின் மற்ற முனை என் தோளில் இருந்தபடியால் நானும் குனிந்து அங்கேயே இருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

"சுடுமணலில நிண்ட காலைச் சேர்த்துக் கட்டிப்போட்டாங்களே" என்று என் வாய் சொல்லிவிட்டது. அது படத்தில் இல்லை. நான் யோசித்துச் சேர்த்ததும் இல்லை.

அக்கா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவர் அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காதடியில் மெதுவாகச் சொன்னார்.

"அது உங்கட. அதை நீங்களே சொல்லுங்கோ."

நான் இன்னொரு தரம் சொன்னேன், தனியே. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து வருசங்கள் போய்விட்டன. முதலாளி புதுப் பேய் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நடிக்கக் கேட்டார், ஏலாது என்றேன். பாலையூற்றுக்கு இடைக்கிடை போகிறேன். அக்கா பிளேன்டீ தருவார், விலைவாசி கதைப்போம், அவர் கோழிகளைப் பற்றிக் கதைப்போம். உங்கள் திவசத்தில் அவர் பாயையும் செருப்பையும் சொல்லித் தன் சொல்லாகவே அழுதார். அக்கம்பக்கத்தவர்கள் அது அவர் கட்டிய ஒப்பாரி என்றே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை, அவை அவருக்கே பொருந்துகின்றன. ஆனால் அந்த ஒரு வரியை அவர் எனக்கென்று தந்தாரா, தன் வீட்டில் வேண்டாம் என்று தள்ளிவிட்டாரா என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்க வாய் வரை வரும். கோழிகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வருவேன்.

அந்த வரி என்னோடு இருக்கிறது. கந்தோருக்குப் போகும் வழியில் வரும், கோயிலில் எல்லாரும் பாடும்போது வரும். கண்ணீர் இல்லாமல் சும்மா வரும். ஒப்பாரியில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அக்கா மரத்தடியில் சொல்லித்தந்தார். அண்ணை என்று சொல்லிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவே சுடுமணலைச் சொல்லி, காலைச் சொல்லி, அதன் பிறகு ஒரு சொல் வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.